ஒரே ஷாட் என்றால் உடனே கும்பிடணுமா? ஹிட்ச்காக், தார்க்கோவ்ஸ்கி, குவாரோன் பற்றி ஒரு சண்டை

கத்திரி:
ஹிட்ச்காக்கின் "ரோப்" (1948) பேச்சு வந்தாலே "படம் முழுக்க ஒரே ஷாட், நடுவில் வெட்டே கிடையாது" என்று யாராவது எடுத்துவிடுவார்கள். இரண்டு இளைஞர்கள் நண்பனைக் கொன்று பெட்டியில் மறைத்துவிட்டு, அதே அறையில் விருந்து வைக்கும் கதை அது. எண்ணிப் பாருங்கள். தெருவில் தொடங்கும் முதல் ஷாட்டையும் சேர்த்து 10 வெட்டுகள். ஐந்து இடத்தில் கேமரா ஒருவர் கோட்டு முதுகிலோ பெட்டி மூடியிலோ போய் முட்டும், திரை இருளும், அந்த இருட்டில் வெட்டை மறைத்துவிட்டு கேமரா விலகும். மற்ற ஐந்தும் சாதாரண வெட்டு. அந்த முதுகு வித்தைதான் எனக்கு ஆகவே ஆகாது. பேசிக்கொண்டிருக்கும் ஆளை விட்டுவிட்டு கேமரா எதற்காகத் துணியை மோந்து பார்க்கப் போகிறது? ஹிட்ச்காக்கே பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் இதை ஒரு வித்தை என்றுதான் சொன்னார். ரசிகர்கள்தான் இன்னும் விடவில்லை.

மூன்றாம் ரீல்:
எண்ணிக்கை சரி. காரணத்தை விட்டுவிட்டீர்கள். 35 எம்.எம். கேமராவின் மேகசினில், அதாவது ஃபிலிம் பெட்டியில், 1000 அடி ஃபிலிம். நொடிக்கு 24 சட்டகம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனவே அதற்குள் எங்காவது நிறுத்தியே ஆகவேண்டும். தியேட்டர் ரீலோ 2000 அடி, ஏறக்குறைய 20 நிமிடம். அது முடிந்ததும் ஆபரேட்டர் அடுத்த புரொஜெக்டருக்கு மாறுவார். இருண்ட முதுகில் அந்த மாற்றம் வந்து, அவர் ஒரு நொடி பிசகினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ரீல் மாறும் இடத்தில் நேரடி வெட்டு, நடுவில் மறைத்த வெட்டு. வரிசையைக் கவனியுங்கள், இரண்டும் மாறி மாறித்தான் வரும்.

அந்த நேரடி வெட்டுகளும் சும்மா வந்தவை அல்ல. கோழி கழுத்தை நெரித்த கதை வரும் இடத்தில் கொலைகாரர்களில் ஒருவனான பிலிப் "அது பொய்" என்று வெடிக்கிறான். டக்கென்று, விருந்துக்கு வந்த அவர்களுடைய பழைய ஆசிரியர் ரூபர்ட்டின் முகம். அவருக்குச் சந்தேகம் தட்டுவது அங்கேதான்.

கத்திரி:
ரொம்ப நன்றிங்க! "ஒரே ஷாட்" படத்தின் மிகச் சிறந்த கணம் ஒரு வெட்டு என்று நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் அஸ்தமன ஆரஞ்சு தூக்கலாகிவிட்டதால் கடைசி ஐந்து கேமரா ரீலையும் திரும்ப எடுத்தார்கள். வெட்டி எடுக்கும் படமென்றால் கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றலாம். இங்கே ஒரு விளக்கு தப்பினால் பத்து நிமிட நடிப்பும் குப்பைக்கு.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவைப் பாருங்கள். "செவன் சாமுராய்" (1954) கடைசி மழைச் சண்டையில் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடின. அதே குதிரை, அது விழும் அதே கணம், வேறு வேறு தூரம். ஒரு ஷாட்டில் கிளம்பிய சேறு அடுத்த ஷாட்டில் வந்து விழும். எடிட்டிங் மேஜையிலும் அவரேதான். தூரத்திலிருந்து எடுக்கும் டெலிஃபோட்டோ லென்ஸ் இடைவெளியை நசுக்கிவிடுவதால் குதிரைக் கால் கிராமத்தான் முதுகை உரசுவது போலவே இருக்கும். வெட்டு வந்தால் ஓட்டம் அறுந்துவிடும் என்பவர்கள் இந்த ஒரு காட்சியை மட்டும் போட்டுப் பார்க்கட்டும்.

பனிமூட்டம்:
சண்டைக்கு வெட்டு சரி, ஒத்துக்கொள்கிறேன். தார்க்கோவ்ஸ்கியின் "தி சாக்ரிஃபைஸ்" (1986) வீடு எரியும் காட்சியை எங்கே வெட்டுவீர்கள்? சுமார் ஆறு நிமிடம். தீ, சகதியில் ஓடும் மனிதர், அவரை ஏற்ற வரும் ஆம்புலன்ஸ், இடிந்து விழும் வீடு, எல்லாம் ஒரே காலத்தில். முதல் தடவை எடுக்கும்போது கேமரா சிக்கிக்கொண்டது. வீடோ எரிந்து முடிந்துவிட்டது. மறுபடி வீட்டைக் கட்டி, இந்த முறை இரண்டு கேமரா வைத்து எடுத்தார்கள். இனி ஒரு ரீடேக் கிடையாது என்ற பதற்றம் அந்த ஷாட்டில் இருக்கிறது.

கத்திரி:
கேமரா சிக்கியது திரையில் தெரியுமா தம்பி? படப்பிடிப்பில் பட்ட பாட்டுக்கெல்லாம் மார்க் போட ஆரம்பித்தால் எல்லாப் படமும் முதல் வகுப்புதான்.

மூன்றாம் ரீல்:
இரண்டு பேரும் "ஒரே ஷாட்" என்பதை ஒரே பொருளில் பேசவில்லை. குவாரோனின் "சில்ட்ரன் ஆஃப் மென்" (2006) படத்தில் காரை ஒரு கும்பல் தாக்கும் காட்சி, ஒரே ஷாட் போலத் தெரிந்தாலும், பல துண்டுகளாக எடுத்து டிஜிட்டலில் ஒட்டியது. காரின் கூரையைக் கழற்றி மேலிருந்து கேமராவைத் தொங்கவிட்டார்கள். அது திரும்பும்போது நடிகர்கள் வழிவிட வேண்டுமே, அதற்காக இருக்கைகளே சாய்ந்து இறங்கும். ஒட்டு எங்கே என்று தேடுகிறவர்களுக்கு: கேமரா சரேலென்று திரும்பி உருவம் கலங்கும் இடம், தூணோ கதவோ சட்டகத்தை அடைக்கும் இடம், இருட்டு வாசல். அதற்கு முன்னும் பின்னும் வெளிச்சத்தையும் நடிகரின் முடியையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் மாட்டிவிடும். ஒலி மட்டும் ஏமாற்றும், அது ஒட்டின் மேல் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு ஒட்டியும் அந்தக் காட்சி நெஞ்சை அடைக்கிறதென்றால் காரணம் நீளமல்ல. ஐந்து பேரோடு கேமராவும் காருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கும்பல் வெளியே, நாம் உள்ளே. அந்தத் தாக்குதலை ஒரு தடவை வெளியிலிருந்து காட்டியிருந்தால்கூடப் போச்சு.

பனிமூட்டம்:
அப்படியானால் ஒட்டே இல்லாத ஒன்று. சோக்குரோவின் "ரஷ்யன் ஆர்க்" (2002). ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குள் 87 நிமிடம் ஒரே ஷாட், ஆள் உடலில் மாட்டிக்கொண்டு அதிராமல் நடந்து எடுக்கும் ஸ்டெடிகாமில். 2001 டிசம்பர் 23ஆம் தேதி, ஒரே நாளில். மூன்று முயற்சி பாதியில் நின்று நான்காவது தேறியது. ஃபிலிம் மேகசின் தொல்லையே இல்லை, நேராக ஹார்ட் டிஸ்கில் பதிவு.

கத்திரி:
அதிலும் ஒலி முழுக்கப் பிற்பாடு சேர்த்தது, படத்தையும் கம்ப்யூட்டரில் நிறையத் திருத்தினார்கள். அது இருக்கட்டும். வெட்டக் கூடாது என்று சபதம் எடுத்துவிட்டால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடந்துதான் தீரவேண்டும். பாதிப் படம் நடை. இரண்டு அறைக்கு நடுவில் கதையில் ஒன்றும் இல்லையென்றால் கேமராவுக்குத் தாழ்வாரம்தான் கதி.

பனிமூட்டம்:
கடைசி நடன விருந்து முடிந்து அத்தனை பேரும் படிக்கட்டில் இறங்குகிறார்களே, அதுவும் வெறும் நடைதான். வெட்டியிருந்தால் பத்து நொடி. ஒரு கூட்டம் கலைந்து போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நம்மைக் கூடவே இறங்க வைக்கிறார். அந்த நேரத்தை எந்தக் கத்திரி தரும்?

கத்திரி:
சரி, படிக்கட்டு உங்களுக்கு. தாழ்வாரமெல்லாம் எனக்கு.