பழைய ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்: எதை எடைக்குப் போடலாம், எதைப் போடக் கூடாது?

வாலாஜா_ஸ்பேர்ஸ்:
ராணிப்பேட்டை பக்கம் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய பழைய மெஷின், ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்துச் சரக்கு இன்னும் குடோனில் கிடக்கிறது. பேரிங், ஆயில் சீல், வி-பெல்ட், 5 எச்பி ஆயில் இன்ஜின் சாமான், பம்ப் இம்பெல்லர், தோல் பதனிடும் ஷாப்பு டிரம்மில் கழற்றிய பிளம்மர் பிளாக் (பேரிங்கைத் தாங்கும் வார்ப்புக் கூடு), டின் டின்னாக போல்ட் நட். ஸ்டாக் நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. காயலான் கடையில் மொத்தமாக எடைக்குக் கேட்கிறார்கள். பெட்டி இல்லாத சாமானை எப்படி அடையாளம் காண்பது? எதைத் தனியாக எடுத்து வைக்கலாம்? விவரம் தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_லேத்:
மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. முதலில் பேரிங்கைப் பிரியுங்கள், பணம் அதில்தான் இருக்கிறது. பெட்டி போனாலும் நம்பர் வளையத்தின் பக்கவாட்டில் பொறித்திருக்கும். 04-லிருந்து மேலே கடைசி இரண்டு எண்ணை 5ஆல் பெருக்கினால் உள்துளை மி.மீ.யில் வந்துவிடும். அதற்குக் கீழே மட்டும் கணக்கு வேறு: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 6205-க்கும் 6305-க்கும் துளை 25தான். ஆனால் வெளிவிட்டம் முதலாவதில் 52, அடுத்ததில் 62. அளக்கும் வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எண்ணெய்த் தாளில் சுற்றிய திறந்த பேரிங் பல வருடம் கெடாது. சீல் போட்டது அப்படியில்லை, உள்ளே கிரீஸ் காய்ந்து கெட்டியாகியிருக்கும். அதைப் புதுசு என்று விற்கக் கூடாது. திறந்ததை சுத்தமான மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். நறநறவென்று கையில் தட்டினால் குண்டு ஓடும் பாதையில் துரு விழுந்துவிட்டது, எடைக்குத்தான். கம்ப்ரசர் காற்றால் சுற்றிவிடுவது பெரிய தப்பு. எண்ணெய் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் நல்ல பேரிங்கும் கீறல் விழுந்து போகும், சமயத்தில் குண்டு தெறிக்கும்.

டிரம்மில் கழற்றிய பேரிங் உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரில் ஓடியது. நூற்றுக்குத் தொண்ணூறு குழி விழுந்துதான் இருக்கும், அதில் நேரத்தைப் போடாதீர்கள். பேரிங் வீட்டுக்கு, அதாவது பிளம்மர் பிளாக்குக்கு மதிப்பு உண்டு. மேல்மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்த்து வைத்துத் துளை போட்டிருப்பார்கள். அதனால் ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு உட்காராது. முதல் நாளே சுண்ணாம்புக் கட்டியால் இரண்டிலும் ஒரே நம்பர் எழுதி, கம்பியால் கட்டி வையுங்கள். வார்ப்பில் 510 என்று இருந்தால் அடாப்டர் ஸ்லீவோடு (ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் வரும் சரிவான குழல்) 45 மி.மீ. ஷாஃப்டுக்கு வரும். அதில் போடுகிற 1210 பேரிங்குக்குப் பின்னால் ‘கே’ எழுத்து இருக்க வேண்டும், உள்துளை சரிவாக இருக்கும். ‘கே’ இல்லாத 1210 நேரான 50 மி.மீ. துளை, ஸ்லீவில் ஏறாது. வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் சாமானில் இது முதல் இடம்.

இன்ஜின்_குடியாத்தம்:
இன்ஜின் சாமானுக்கு பிஸ்டனை அளந்தாலே பாதி வேலை முடிந்தது. கிர்லோஸ்கர் 5 எச்பி ஏவி-1 என்றால் 80 மி.மீ., டிவி-1 என்றால் 87.5. இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 110தான் என்பதால் சாமானைக் கலந்து வைத்திருப்பார்கள். 114 மி.மீ. சொச்சம் வந்தால் அது லிஸ்டர் மாடல் ஸ்லோ ஸ்பீடு, 650 சுற்று ஓடுகிற 6 எச்பி. அதை வாங்க ஆள் குறைவு. ஆனால் தேடுகிறவர் வேறு எங்கும் கிடைக்காமல்தான் வருவார், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் அரைவட்ட ஷெல் பேரிங்கின் முதுகில் ஸ்டாண்டர்ட் என்றோ 0.25, 0.50 என்றோ இருக்கும். ஜோடி பிரியக் கூடாது. பிஸ்டன் ரிங்கை சிலிண்டர் லைனருக்குள் நேராகத் தள்ளி வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். துளை 100 மி.மீ.க்கு 0.3 முதல் 0.4 வரை இருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் நாசிலை டீசலில் கழுவி, ஊசியை மூன்றில் ஒரு பங்கு இழுத்து விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். சிக்கினால் கெட்டது. டீசல் பம்ப்பின் பிளஞ்சரும் பேரலும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியவை. பத்து செட்டைக் கழற்றி ஒரே தட்டில் கொட்டினால் பத்தும் வீண். வியர்வைக் கையால் அந்தப் பளபளப்பைத் தொடவும் கூடாது, மறுநாளே துரு காட்டும்.

வாலாஜா_ஸ்பேர்ஸ்:
ரொம்ப நன்றி அண்ணா. ஆயில் சீல் எல்லாம் ஆணியில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. சாம்பல் நிறத்தில் கயிறு, ஹெட் கேஸ்கெட்டும் ஒரு மூட்டை இருக்கிறது. போல்ட்டில் சிலது இன்றைய நட்டுக்கு ஏற மாட்டேன் என்கிறது.

பள்ளிகொண்டா_மெக்கானிக்:
ஆணியில் தொங்கிய சீலைத் தூக்கிப் போடுங்கள். உதடு ஒரு பக்கம் இழுபட்டு முட்டை வடிவமாகியிருக்கும், ஷாஃப்டில் மாட்டியதும் ஒழுகும். படுக்கையாக அடுக்கியிருந்தாலும் பழைய ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் விலை இல்லை. பெல்ட்டுக்கும் இதே சோதனைதான். வேலூர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்த ரப்பர் எதையும் நம்ப வேண்டாம். 40 ரூபாய் சீலால் ஒருவர் கியர்பாக்ஸ் எண்ணெயெல்லாம் போய்ப் பல் தேய்ந்தால் கடைப் பெயர்தான் கெடும்.

அந்தச் சாம்பல் கயிறு விஷயத்தில் கவனம். பம்ப் ஷாஃப்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் பழைய கிளாண்ட் கயிற்றிலும் செம்புத் தகடு சுற்றிய ஹெட் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், பெருக்காதீர்கள். செம்புக்காக அதைப் பிரித்து எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலை விட்டுப் போகாது. தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி ஒதுக்குங்கள். சிப்காட்டில் அபாயக் கழிவு அனுப்புகிற தொழிற்சாலை யாரையாவது கேட்டால் முறையாக அனுப்ப வழி சொல்வார்கள்.

போல்ட் ஏறாததற்குக் காரணம் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை. அரை அங்குலத்தில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க மரையான யுஎன்சி-க்கு 13. மற்ற பல அளவுகளில் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும், கோணம் மட்டும் 55, 60 என்று மாறும். அதனால் ஏறுவது போல ஏறி இறுகிக்கொள்ளும். மரை எண்ணும் பிட்ச் கேஜ் வைத்துப் பிரித்து, நட்டோடு சேர்த்தே வையுங்கள். பழைய சீமை லேத் வைத்திருப்பவர்கள் இதைத் தேடி வருவார்கள்.

காட்பாடி_லேத்:
இம்பெல்லரை விட்டுவிட்டோம். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு. ஒட்டாமல், அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் செம்மஞ்சளாகத் தெரிந்தால் கன்மெட்டல், அதை இரும்போடு எடை போட விடாதீர்கள். சென்ட்ரிஃபியூகல் பம்ப் 6, 7 மீட்டருக்குக் கீழே தண்ணீரை உறிஞ்சாது. நம் பக்கத்துக் கிணறுகள் அதற்கும் கீழே போனதால்தான் எல்லோரும் போர் போட்டு சப்மெர்சிபிளுக்கு மாறினார்கள், உங்கள் குடோனில் இவ்வளவு தேங்கியதும் அதனால்தான். ஆனாலும் பாலாற்று ஓரம் மேல்மட்டத் தண்ணீர் உள்ள கிணறுகளில் ஓடுகிறது. இம்பெல்லருக்குக் கண் விட்டம் (தண்ணீர் நுழையும் வாய்), வெளிவிட்டம், சாவிக் காடி அகலம் மூன்றையும் அட்டையில் எழுதிக் கட்டி, ஃபுட் வால்வோடு (உறிஞ்சு குழாயின் அடி வால்வு) எடுத்து வையுங்கள். அளவு எழுதாமல் போட்டோ மட்டும் போட்டால் யாரும் விலை சொல்ல முடியாது.