வெளிநாட்டு செகண்ட்ஹேண்ட் மோட்டார்சைக்கிளுக்கு இங்க மலேசியாவுல கெரான், அதாவது ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர், எடுத்தவங்க அனுபவத்தப் போடுங்க

சிப்புட்காரன்:

மாமாக் கடைல எவன் பாத்தாலும் மொத கேள்வி "எவ்ளோ வெள்ளிடா ஆச்சு"ன்னு ரிங்கிட் கணக்குதான். எங்க அத்தை மகன் இங்கிலாந்துல ஆஸ்பத்திரி வேலைல பல வருஷம் இருந்துட்டு சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிட்டாரு, வரும்போது அங்க ஓட்டிக்கிட்டு இருந்த டிரையம்ப் போன்வில், 865 சிசி, அதையும் கப்பல்ல ஏத்திட்டாரு. அண்ணனுக்கு இங்க ஆபிஸ் எதுவும் தெரியாது, அதனால கிள்ளான், ஈப்போன்னு கூட அலைஞ்சது நான். செலவ அப்புறம் சொல்றேன், மொதல்ல கேக்க வேண்டியது ஏபி, அதாவது இறக்குமதி அனுமதி, எப்ப கைக்கு வந்துச்சுன்னு.

மோட்டார் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி மிட்டி (வாணிப அமைச்சு) கொடுக்கற ஏபி கைல இருக்கணும். மோட்டார் கிள்ளான் துறைமுகத்துல எறங்குன பெறகு "இப்ப அப்ளை பண்ணலாம்ல"ன்னு யோசிக்கிறவன் அங்கயே மாட்டுவான், ஸ்டோரேஜ் காசு நாளுக்கு நாள் ஏறும், பேப்பர் இல்லாம கஸ்டம்ஸும் விடாது. சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரதுன்னா மோட்டார் அங்க நம்ம பேர்லயே ரெஜிஸ்டர் ஆகி கொஞ்ச காலம் ஓடியிருக்கணும், நாம அங்க தங்குனதுக்கும் ஆதாரம் கேப்பாங்க, பாஸ்போர்ட், விசா, வேலைக் கடிதம் எல்லாம். கூட்டாளி பேர்ல இருக்கறத கடைசி மாசம் நம்ம பேருக்கு மாத்திக்கிட்டு வரதெல்லாம் நடக்காது. கண்டிஷன் அப்பப்ப மாறும், அதனால மிட்டி என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு, கடைல உக்காந்து பேசறவன் சொல்றது இல்ல (நானும் அந்தக் கடைலதான் உக்காந்து பேசறேன், அது வேற).

இங்கிலாந்துல வண்டிக்கு வி5சின்னு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் புக் இருக்கு. வண்டிய நாட்ட விட்டே கொண்டுபோறதா இருந்தா அதுல பெர்மனன்ட் எக்ஸ்போர்ட்டுன்னு இருக்கற பகுதிய மட்டும் பூர்த்தி பண்ணி அவங்க ஊரு வண்டி ரெஜிஸ்டர் ஆபிஸ் டிவிஎல்ஏவுக்கு அனுப்பணும், மிச்ச புக்க நாம பத்திரமா வெச்சுக்கணும், இங்க ரெஜிஸ்டர் பண்ண அது வேணும். அண்ணன் கிளம்பற அவசரத்துல முழு புக்கையும் கவர்ல போடப் போனாராம், அண்ணிதான் புடுங்கி வெச்சாங்க. அண்ணி இல்லன்னா இந்தக் கதையே இல்ல.

மரப்பொட்டில அடைச்சு அனுப்பறவங்க இன்னொன்னு பாத்துக்கங்க. பொட்டி மரத்துல கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரையும் ஹெச்டின்னு எழுத்தும் இருக்கணும், மரத்த சூடு காட்டி பூச்சி இல்லாம பண்ணதுக்கு அடையாளம் அது. பெட்ரோல வடிச்சிரணும், பேட்டரி கழட்டிரணும்.

வரி கணக்கு நம்மாளுங்களுக்குப் புரியவே மாட்டேங்குது. நாம வாங்குன ரசீதுல உள்ள வெலைய மட்டும் வெச்சு போடறது இல்ல, கப்பல் கூலி இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து, ரசீது வெல கொறச்சலா தெரிஞ்சா கஸ்டம்ஸே ஒரு மதிப்பு போடும். அதுக்கு மேல இம்போர்ட் டூட்டி, ரெண்டையும் கூட்டி அதுக்கு மேல எக்சைஸ் டூட்டி, மூனையும் கூட்டி அதுக்கு மேல 10 பர்சன்ட் சேல்ஸ் டெக்ஸ், அதாவது வரிக்கும் வரி. அதனாலதான் சொல்றேன், அங்க சல்லிசா கெடைக்குதேன்னு எதையும் ஏத்தாதீங்க, நமக்கு உசிரான மோட்டாரா இருந்தா மட்டும் பண்ணுங்க. கஸ்டம்ஸ் பேப்பர் வேலைக்கு நாங்க புடிச்ச ஃபார்வர்டிங் ஏஜென்ட் ஒரு பேப்பர மேசைலயே போட்டு வெச்சுட்டு "இன்னும் வரல அண்ணே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், அந்த நாளுக்கெல்லாம் ஸ்டோரேஜ் யாரு கட்டுனது, அண்ணன்தான்.

அடுத்து வண்டிய சோதிக்கற புஸ்பாகோம். இங்கதான் ஒரு கூத்து. இங்கிலாந்துல ஃபிரேமுக்கு புதுசா பவுடர் கோட்டிங் அடிச்சு கொடுத்திருந்தாங்க, பாக்க பளபளன்னு கண்ணாடி, ஆனா ஹேண்டில் கழுத்துல பொறிச்சிருக்கற சேஸிஸ் நம்பர் பள்ளத்துல எல்லாம் பெயின்ட் போய் உக்காந்துருச்சு. 17 எழுத்து. டார்ச் அடிச்சா மூனா எட்டான்னு தெரியல. நம்பர் மேல பேப்பர வெச்சு பென்சில் தேச்சு எடுப்பாங்க, தெக்காப்புன்னு சொல்லுவாங்களே, அதுல வந்தது வெறும் கருப்புப் பட்டை. சுரண்டுனா நம்பர நோண்டுன மாதிரி ஆயிரும், அது பெரிய கேஸு. ஊருக்குத் திரும்பி வந்து எங்க லைன்ல பட்டறை வெச்சிருக்கற அங்கள்தான் பெயின்ட் ரிமூவர தொட்டுத் தொட்டு பழைய பல்லு பிரஷ்ல மெதுவா தேச்சாரு, இரும்பு பிரஷ் பக்கத்துலயே விடல, "அவசரப்படாத தம்பி, இது தலையெழுத்து மாதிரி, அழிஞ்சா திரும்ப எழுத முடியாது"ன்னாரு. ஒவ்வொரு எழுத்தா வெளிய வந்துச்சு. அடுத்த தடவ தெக்காப் சுத்தமா விழுந்துச்சு.

லைட்டு பிரச்சனை இல்ல, இங்கிலாந்துக்காரங்களும் நம்மள மாதிரி இடது பக்கம் ஓட்டறவங்க. அமெரிக்கா, ஐரோப்பா மோட்டார்னா டிம் பண்ணும்போது வெளிச்சம் வலது பக்கம் சாயும், எதிர்ல வரவன் கண்ணுல அடிக்கும். மீட்டர் மைல்ல இருக்கு, 60 காட்டுனா நம்ம கணக்குல 97 கிட்ட, சம்மன் கேமரா பக்கத்துல ஞாபகம் வெச்சுக்கணும்.

வண்டிய ரெஜிஸ்டர் பண்ற சாலைப் போக்குவரத்து இலாகா, ஜேபிஜேக்குப் போறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கவர்நோட் வேணும், இந்த மாதிரி மோட்டாருக்கு பாதி கம்பெனி தேர்ட் பார்ட்டிதான் போடுவேன்னுச்சு. ரோட் டெக்ஸ் 800 சிசிக்கு மேல, 350 வெள்ளி. கடைசில பேராக் மாநிலத்து ஏ பிளேட்டோட கெரான் கைல வந்துச்சு. மொத்தமா அங்க வாங்குன வெலைய விட இங்க கட்டுனதுதான் கனமா இருக்கு, அதுக்கு மேல அண்ணன் சொல்ல விடல.

பஹாவ் மச்சான்:

நான் இந்த ரூட்டே போகல அண்ணே. ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் மேல சின்ன வயசுலேந்து பைத்தியம், 1992ல வந்தது, 2022ல நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் வெல எங்கயோ போயிருச்சு. ஜப்பான் ரிகோண்ட், அதாவது சரிபண்ணி விக்கற பழைய மோட்டார், கடை டவுக்கே (முதலாளி) வரி எல்லாம் கட்டி வெச்சிருந்தான், நான் ரெஜிஸ்டர் மட்டும் பண்ணேன். ஒரே ஒரு புத்திசாலித்தனம், காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் வரி கட்டுன பேப்பரும் ஜப்பான் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்டும் மேசை மேல வைக்கச் சொல்லிட்டேன், ரெண்டுலயும் உள்ள நம்பரையும் மோட்டார்ல உள்ள நம்பரையும் ஒன்னொன்னா ஒத்துப் பாத்தேன். டவுக்கே மூஞ்சி சுருங்குச்சு, பரவால்ல. 250 சிசிக்கு மேல ஜப்பான்ல ஷாகென் செக்கப் கட்டாயம், அதனால பெரிய மோட்டார் ஓரளவு ஒழுங்காதான் வரும். ஓட்டம் கம்மின்னு மீட்டர்ல காட்டறத மட்டும் நம்பாதீங்க, ஹேண்டில் பிடி ரப்பர், ஃபுட்ரெஸ்ட் தேஞ்சிருக்கான்னு பாருங்க.

இன்னொன்னு, நம்மாளுங்க பாதி பேர்கிட்ட பி2 லைசன்ஸ்தான், 250 சிசி வரைக்கும்தான் அது. 400 வாங்கிட்டு பி2ல ஓட்டிக்கிட்டு ரோட்பிளாக்ல வழிஞ்சுக்கிட்டு நிக்கறத நானே பாத்திருக்கேன்.

பாடாங் செராய் பையன்:

எங்க பக்கம் சியாம் (தாய்லாந்து) மோட்டார் தொல்லை. பார்டர் பக்கம், அங்கேந்து பொடோங்னு சொல்ற கள்ள மோட்டார் வரும், கெரான் கெடையாது, பாதி வெல. செம்பனைத் தோட்டத்துக்குள்ள குலை ஏத்தத்தானே, மெயின் ரோட்டுக்கு எங்க போறோம்னு வாங்கிருவாங்க. அப்புறம் ஒரு நாள் பால் வாங்கப் போறேன்னு டவுனுக்கு வந்து ரோட்பிளாக்ல மாட்டும், மோட்டாரும் போகும், கஸ்டம்ஸ் கேஸும் வரும். இத பின்னால ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு விக்கிறவன் சொல்லுவான், வரியே கட்டாம உள்ள வந்ததுக்கு எத வெச்சு பண்றது. எங்க மாமா ஒருத்தரு பழைய கப்சாய் (சின்ன மோட்டார்) கெரான வெச்சு சியாம் மோட்டார ஓட்டலாம்னு ஐடியா கொடுத்தாரு, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எதுவும் சேராது, மாட்டுனா திருட்டு மோட்டார் கேஸ் மாதிரி பாப்பாங்க. மாமாவ மதிக்கிறேன், ஐடியாவ மதிக்கல.

கோலாபிலா தங்கச்சி:

அண்ணே, அப்பாவுக்கு பழைய புல்லட் ஆசை. ஊர்ல, நாமக்கல் பக்கம், சித்தப்பா வீட்ல சும்மா நிக்குது. அனுப்பச் சொல்லலாமா?

சிப்புட்காரன்:

தங்கச்சி, அது சித்தப்பா பேர்ல இருக்கு, அப்பா அங்க தங்கி ஓட்டல, அப்ப நான் சொன்ன சொந்த உபயோக வழி ஒத்துவராது. அங்கயும் ஆர்டிஓல என்ஓசி அது இதுன்னு சித்தப்பாதான் நடக்கணும். அதே ராயல் என்ஃபீல்ட் கம்பெனி மோட்டார் இங்கயே கடைல புதுசா விக்குது, கெரானோட வரும். பழசு மாதிரி இருக்காதுன்னு அப்பா சொல்லுவாரு, உண்மைதான், பழைய புல்லட்டுக்கு கியர் வலது கால், பிரேக் இடது கால். கப்சாய் ஓட்டிப் பழகுன கால் அவசரத்துல பிரேக்குன்னு நெனச்சு கியர மிதிக்கும், அப்பா வயசுக்கு அது வேணாமே. மொதல்ல ஒரு தடவ ஈப்போக்கோ சிரம்பானுக்கோ கூட்டிட்டுப் போய் கடைல இருக்கறத ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. அப்பவும் ஊரு மோட்டார்தான் வேணும்னா சித்தப்பாகிட்ட ஆர்சி புக்க போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் மோட்டார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாத்துட்டு மேல பேசலாம்.