சென்னையிலிருந்து டெல்லிக்கு மே மாதம் லேப்ரடார்: ரயிலா, காரா, விமானமா?

கேள்வி | தென்சென்னை_லேப்

வேலை மாற்றல். மே இரண்டாவது வாரத்துக்குள் டெல்லியில் இருக்க வேண்டும். நாய் ஆண் லேப்ரடார், 4 வயது, 32 கிலோ. தடுப்பூசி பாக்கி இல்லை. அரை மணிக்கு மேல் காரில் போய்ப் பழக்கமில்லை. ஏறினாலே எச்சில் ஒழுகும், சில சமயம் வாந்தி. நாங்கள் இரண்டு பேர், கையில் ஒரு ஹேட்ச்பேக். ரயிலில் முதல் வகுப்புக் கூபே (தனி அறை) கிடைக்காவிட்டால் பிரேக் வேனில் (ரயில் கடைசியில் இருக்கும் கார்டு பெட்டி) ஏற்றலாமா? காரில் போனால் எத்தனை நாள் பிடிக்கும்? தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்கிறார்கள், சரியா? இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

பதில் 1 | பேசின்பிரிட்ஜ்

முதலில் பிரேக் வேன் விஷயம். மே மாதத்தில் வேண்டவே வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிவாக்கில் சென்ட்ரலில் கிளம்புகிறது. மறுநாள் வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில்தான் பல்லார்ஷா, நாக்பூர் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். நாக்பூர் இருக்கும் விதர்பா பகுதியில் மே மாதம் 45 டிகிரி செல்சியஸ் என்பது அதிசயமில்லை. நாய்ப் பெட்டி என்பது கார்டு பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்பு அறை. ஏசி கிடையாது, காற்றுக்குக் கம்பிக் கதவுதான். தண்ணீர் வைக்க ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயிலின் கடைசிவரை நீங்கள்தான் ஓட வேண்டும். ரயில் தாமதமாகி வெளி சிக்னலில் நின்றுவிட்டால் அந்த இரும்பு அடுப்பாகிவிடும். டிசம்பரில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

மிச்சம் இருப்பது முதல் வகுப்பு ஏசி மட்டும்தான். 2 ஏசி, 3 ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாய்க்கு அனுமதியில்லை. முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூபே, நான்கு படுக்கை கேபின் என்று இரண்டு உண்டு. அந்த அறை முழுக்க உங்கள் டிக்கெட்டாக இருந்தால்தான் நாய் உள்ளே வருவது உறுதி. இருவரும் ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும் (2024 நவம்பருக்கு முன் 120 நாள்), அதனால் உங்கள் தேதிக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இன்றே பாருங்கள்.

கூபேயா கேபினா என்பது டிக்கெட் எடுக்கும்போது தெரியாது, சார்ட் தயாராகும்போதுதான் ஒதுக்குவார்கள். அதனால் டிக்கெட் கையில் வந்ததும், நாய் வருகிறது, கூபே வேண்டும் என்று பிஎன்ஆர் எண்ணோடு ரயில்வே வணிகப் பிரிவுக்கு எழுத்தில் மனு கொடுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் ஒரு முறை நினைவூட்டுங்கள். அப்போதும் உறுதி கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை நம்பி வீட்டைக் காலி செய்யாதீர்கள். கேபின் விழுந்து மற்ற இருவர் ஆட்சேபித்தால் நாய் பிரேக் வேனுக்குப் போக வேண்டியதுதான், பணமும் திரும்பாது. நான்கு டிக்கெட் எடுத்துக் கேபினையே வாங்கிவிடுவது செலவு, ஆனால் அந்தத் தலைவலி இல்லை.

பயண நாளில் இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் பார்சல் ஆபீஸ். டிக்கெட் நகல், அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்று (பயணத்துக்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வாங்கியது) எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். லக்கேஜ் கணக்கில் கட்டணம் போட்டு ரசீது தருவார்கள். டிக்கெட் விலைக்கு முன் அது சொற்பம். ரசீது இல்லாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு.

பதில் 2 | கால்நடை_மருத்துவர்

தூக்க மாத்திரை கேள்விக்கு நேரடியாக: கூடாது. நாய்க்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம், மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. மயக்கும் மருந்து அந்த மூச்சிரைப்பையே மந்தமாக்கும். பரவலாகக் கொடுக்கப்படும் அசிப்ரோமசின் ரத்த அழுத்தத்தையும் இறக்கும், உடல்சூட்டைச் சமாளிக்கும் திறனையும் கெடுக்கும். வெளியே பார்க்கச் சாதுவாகப் படுத்திருக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். பக், புல்டாக் மாதிரி முகம் சப்பையான இனங்களுக்கு இது உயிராபத்து. பதற்றம் அதிகமென்றால் டிராசோடோன், கபாபென்டின் போன்றவற்றை உங்கள் மருத்துவர் பரிந்துரைக்கலாம். எதுவாக இருந்தாலும் முதல் டோஸ் வீட்டில், ஒரு விடுமுறை நாளில் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் நாயின் சிக்கல் பயண வாந்தி. அதற்கு மாரோபிடன்ட் என்ற மாத்திரை உண்டு. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, ஒரு வாய்ச் சோற்றோடு. இது வாந்தியைத் தடுக்கும், மயக்காது. அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்வார். ஆறு வாரம் இருப்பதால் மருந்தோடு நிறுத்தாமல் பழக்கவும் செய்யுங்கள். முதல் வாரம் நிற்கும் காரில் சாப்பாடு மட்டும். அடுத்து இன்ஜினைப் போட்டு, வண்டியை நகர்த்தாமல். பிறகு 5 நிமிடம், 10, 20, 45 என்று போய் இரண்டு மணி நேரம். எச்சில் வடியத் தொடங்கினால் முந்தைய படிக்கு இறங்குங்கள்.

கடைசிச் சாப்பாடு கிளம்ப 5, 6 மணி நேரம் முன், வழக்கத்தில் பாதி. வண்டி ஓடும்போது தீனி வேண்டாம். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். சாதாரண நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்றால் இவனுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் லிட்டர், வெயிலில் இன்னும் கூடும். ஒரே மூச்சில் குடிக்கவிடாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டம்ளர்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பு, 41 தொட்டால் உறுப்புகள் கெடத் தொடங்கும். நாக்கு அகலமாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு செங்கல் நிறமாவது, நடையில் தள்ளாட்டம், இதில் ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிறுத்தி, நிழலில் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். பிறகுதான் மருத்துவமனை. ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அது கம்பளி மாதிரி சூட்டை அடைத்துக்கொள்ளும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சூடு தேவைக்கும் கீழே போய்விடும்.

உண்ணி மருந்து ஒரு வாரம் முன்பே. வழியில் தங்கும் இடங்களில்தான் உண்ணி ஏறும். காது மடிப்பு, விரலிடுக்கு இரண்டையும் தினமும் தடவிப் பாருங்கள்.

பதில் 3 | என்எச்44

கார்ல போறதா இருந்தா சுமார் 2,200 கிலோமீட்டர், நாலு நாள். முதல் நாள் ஹைதராபாத் (630), ரெண்டாவது நாக்பூர் (500), மூணாவது ஜான்சி, நாலாவது டெல்லி. காலைல நாலு மணிக்குக் கிளம்பி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரத்தை வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. நாயை ஏத்துற ரூம் இருக்கான்னு முன்கூட்டியே போன் பண்ணி, ஆமான்னு சொன்னதை மெசேஜாவும் வாங்கி வெச்சுக்குங்க. ராத்திரி எட்டு மணிக்கு வாசல்ல நின்னு மேனேஜர்கிட்ட கெஞ்சறது ரொம்ப சகஜம்.

கட்டாம விடாதீங்க. சடன் பிரேக் போட்டா 32 கிலோ நேரா உங்க பிடரிக்கு வரும். மார்பு அகலமா இருக்கிற ஹார்னெஸ் (உடம்பைச் சுத்தி மாட்டுற பட்டை), அதோட முதுகு வளையத்துல சீட் பெல்ட் பட்டை. கழுத்துப் பட்டைல மாட்டவே கூடாது, கழுத்து முறியும். பட்டை நீளம் அவன் உக்காரவும் படுக்கவும் போதும், முன்சீட்டுக்கு எட்டக் கூடாது. ஏர்பேக் இருக்கிறதால முன்சீட் கிடையாது. கூண்டுன்னா பின்சீட்டை மடக்கி, ராட்செட் பட்டையால ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டுங்க. சும்மா வெச்ச கூண்டு கூண்டோட பறக்கும்.

ஹேட்ச்பேக்ல பின்னாடி ஏசி காத்து போகாது. உங்களுக்கு ஜில்லுன்னு இருக்கும், அவன் இருக்கிற இடத்துல 32 டிகிரி இருக்கும். ஒரு சின்ன வெப்பமானியை அவன் தலை உயரத்துல தொங்க விடுங்க, 27 தாண்டுச்சுன்னா ஏதாவது பண்ணணும். பக்கக் கண்ணாடிக்கு வெயில் மறைப்பு போடுங்க, கூண்டைச் சுத்தித் துணி போடாதீங்க. ஏசி நின்னுபோற நாளுக்காக 10 லிட்டர் தண்ணி தனியா.

ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தரம், கால் மணி நேரம் நிறுத்துங்க. புறங்கையைத் தார்ல ஏழு செகண்ட் வெச்சுப் பாருங்க, உங்களுக்குச் சுட்டா அவன் பாதத்துக்கும் சுடும். தாபாவுக்குப் பின்னாடி கூட்டிப் போகாதீங்க: கோழி எலும்பு, எலி மருந்து, ஊர் நாய்ங்க. நாக்பூர் தாண்டிப் பெஞ்ச் காட்டுக்குள்ள ரோடு போகுது, அங்க மேம்பாலத்துக்கு அடியில விலங்குங்க கடக்கும். அந்தத் துண்டுல நிறுத்தாம போயிடுங்க. டீ குடிக்கிற அஞ்சு நிமிஷத்துக்குக்கூட வண்டிக்குள்ள பூட்டிட்டுப் போகாதீங்க. வெளிய 35ன்னா பத்து நிமிஷத்துல உள்ள 45 தாண்டிடும்.

தென்சென்னை_லேப்

நன்றி. கேபினுக்கே முயல்கிறோம். இரண்டு சந்தேகம். 33 மணி நேரம் சிறுநீருக்கு என்ன செய்வது? விமானத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பதில் 4 | கன்னி_சிப்பிப்பாறை

சிறுநீர்தான் ரயிலில் உண்மையான சிக்கல். வீட்டில் ஒழுங்காக வளர்ந்த நாய் பெட்டிக்குள் போகாது, அடக்கிக்கொண்டே இருக்கும். இன்றிலிருந்தே மொட்டைமாடியிலோ பால்கனியிலோ உறிஞ்சு விரிப்பைப் போட்டு, அவன் சிறுநீர் பட்ட துணித்துண்டை அதன்மேல் வைத்துப் பழக்குங்கள். ஒரு கட்டளைச் சொல்லும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் அதே விரிப்பு, அதே சொல். பிளாட்பாரத்தில் இறக்குவதானால் விஜயவாடா, நாக்பூர், போபால் மாதிரி வண்டி கொஞ்சம் நிற்கும் இடத்தில் மட்டும். ஒருவர் பெட்டி வாசலில் நிற்க வேண்டும். குதிக்க விடாதீர்கள், படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் கால் மாட்டும். முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னெஸ் இருந்தால் இருவர் தூக்கி இறக்கலாம்.

நாய் தொலைவது பெரும்பாலும் இந்த ஏறி இறங்கும் அரை நிமிடத்தில்தான். கதவு திறக்கும் முன்பே லீஷ் (பிடிகயிறு) மாட்டியிருக்க வேண்டும். ஹார்னெஸில் ஒன்று, கழுத்துப் பட்டையில் ஒன்று. லேப்ரடாருக்குச் சாதாரணப் பட்டை போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: அவற்றின் தலை கழுத்தைவிடப் பெரிதில்லை, பின்னால் இழுத்தால் வளையம் நழுவிவிடும். இழுத்தால் இறுகும் மார்டிங்கேல் பட்டைதான் போட வேண்டும். பட்டையில் டெல்லியில் எடுக்கக்கூடிய போன் எண், தோலுக்கடியில் போடும் அடையாள மைக்ரோசிப்பின் பதிவில் அதே எண். சிப் போட்டுவிட்டுப் பதிவில் பழைய எண்ணை மாற்றாமல் விட்டால் போட்டும் பயனில்லை.

விமானம் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். ஆபத்து வானத்தில் இல்லை, ஓடுபாதை ஓரத்தில் கூண்டு காத்திருக்கும் நேரத்தில்தான். போவதானால் நேரடி விமானம், விடிவதற்குள் டெல்லியில் இறங்குகிற மாதிரி. வெயில் காலத்தில் நாய்களை ஏற்றுவதையே சில நிறுவனங்கள் நிறுத்திவைக்கும், அதனால் டிக்கெட்டுக்கு முன் சரக்குப் பிரிவில் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

கூண்டு அளவு ஐஏடிஏ (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) கணக்கில்: நீளம் என்பது மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை, அதோடு முழங்கையிலிருந்து தரைவரை உள்ள உயரத்தில் பாதி. அகலம் தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம் நிற்கும்போது தலை உச்சி, அதோடு விரிப்பின் தடிமன். உதாரணமாக 90, 32, 25, 68 சென்டிமீட்டர் என்று வந்தால் கூண்டு 106 நீளம், 50 அகலம், 71 உயரம் (விரிப்பு 3). கடையில் 42 அங்குலம் என்று கேளுங்கள். கம்பிக் கூண்டை விமானத்தில் ஏற்க மாட்டார்கள். கெட்டிப் பிளாஸ்டிக், நான்கு பக்கமும் காற்றுத் துளை, மேல் கீழ்ப் பாதிகளை இணைக்கக் கிளிப்புக்குப் பதில் உலோக போல்ட். இதே கூண்டு காருக்குக் கொஞ்சம் பெரிது, உள்ளே இடமிருந்தால் வளைவில் உருளுவான், அதனால் இரண்டு பக்கமும் பழைய போர்வையைச் சுருட்டி அடையுங்கள்.

எதில் போனாலும் அவன் படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள். டெல்லியில் முதல் பத்து நாள் சென்னையில் சாப்பிட்ட அதே தீனிதான், அதற்கு மூன்று நான்கு கிலோ பையில் இருக்கட்டும்.