கைபேசியில் தமிழ் தட்ட எது வசதி: தமிழ்99, ஆங்கில எழுத்து வழி, குரல்?

நெடில்:
தினமும் தமிழில் நீளமாகச் செய்தி அனுப்புகிறவர்கள் ஆங்கில எழுத்து வழியை (‘nandri’ என்று தட்டினால் ‘நன்றி’ ஆவது) விட்டுவிட்டுத் தமிழ்99-க்கு (விசைகளிலேயே தமிழ் எழுத்து இருப்பது) மாறுவது நல்லது. விசைகளை எண்ணிப் பாருங்கள். ‘நன்றி’க்கு ந, ன, ற, இ என்று நான்கே தட்டல், ஆங்கில எழுத்தில் ஆறு. ‘பழக்கம்’ இங்கே ஆறு, அங்கே ஒன்பது. புள்ளி தானாக விழுவதுதான் காரணம். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதலாவது புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளிலும் அப்படியே. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தளக்கோலம் (விசைகளின் அமைப்பு) இது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். இரண்டு கட்டைவிரலால் தட்டுகிறவர்களுக்கு அளந்து வைத்ததுபோல் இருக்கும்.

தட்டச்சன்:
கணினியில் சரி. கைபேசியில் மேல் வரிசையைப் பாருங்கள்: ஆ, ஈ, ஊ, ஐ, ஏ, ள, ற, ன, ட, ண, ச, ஞ. பன்னிரண்டு விசை. ஆங்கிலத்தில் பத்துதான். அதே அகலத்தில் பன்னிரண்டை அடைத்தால் ஒவ்வொரு விசையும் ஆறில் ஒரு பங்கு குறுகும். ன-வைத் தொடப் போய் ற விழும். நீங்கள் மிச்சம் பிடித்த தட்டல்கள் அழிப்பதிலேயே போய்விடும். ஆங்கில எழுத்து வழியில் மூன்று நான்கு எழுத்து தட்டியதுமே மேலே பரிந்துரை வருகிறது, தொட்டால் முழுச் சொல். எண்ணிக்கையில் அதையும் சேர்க்க வேண்டாமா?

நெடில்:
சேர்க்கலாம், அகராதியில் இருக்கிற சொல்லுக்கு. ஆள் பெயர், ஊர்ப் பெயர், ‘கொடுத்தனுப்பியிருந்தவர்களிடமிருந்து’ மாதிரி நீண்ட சொல் வந்தால் பரிந்துரை தடுமாறும். ண, ன, ந மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்து. எது வேண்டும் என்பதை மென்பொருள் ஊகிக்கிறது. ஆங்கில எழுத்து வழிகளில் ஒன்றான ‘அஞ்சல்’ முறை இதற்குப் பெரிய எழுத்தை வைத்திருக்கிறது: பெரிய ‘என்’ என்றால் ண, பெரிய ‘எல்’ என்றால் ள. ஆனால் ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட். விசை குறுகல் உண்மைதான். நீளமாக எழுதும்போது கைபேசியைப் படுக்கவைத்துப் பிடித்தால் தீரும்.

புதிதாக மாறுகிறவர்கள் தடுக்கி விழுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘நூலகக் கட்டடம்’ தட்டும்போது ல-வுக்குப் பின் இரண்டு க தட்டிப் புள்ளி வைத்தால் ‘நூலக்க்’ ஆகிவிடும். முதல் க-வுக்குப் பின் அ விசையைத் தட்டினால் தானியங்கிப் புள்ளி நிற்கும். இது தெரியாமல்தான் பலர் ‘தமிழ்99 தப்பாக அடிக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒலிவாங்கி:
இரண்டு பேரும் விரலிலேயே நிற்கிறீர்கள். கூகுளின் குரல் தட்டச்சு 2017 முதல் தமிழைக் கேட்கிறது. சொல் சொல்லாக நிறுத்திப் பேசாதீர்கள், வாக்கியமாகப் பேசுங்கள். ‘மரம்’ வேண்டுமா ‘மறம்’ வேண்டுமா என்பதைப் பக்கத்துச் சொல்லை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. ஒரு பத்தி பேசி முடித்த பிறகு திருத்துங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தித் திருத்தினால் வேகமே போய்விடும்.

தட்டச்சன்:
வேகம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்று? ‘அந்தப் பெட்டியைக் கொடு’ என்று சொன்னால் பெரும்பாலும் ‘அந்த பெட்டியை கொடு’ என்றுதான் வரும். ழ-வை அழுத்திச் சொல்லாதவருக்கு ‘வழி’ கேட்டால் ‘வலி’ வரும். நான்கு பேர் இருக்கிற இடத்தில் கணக்கு எண்ணை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

மெய்ப்பு:
விரலால் திரையில் எழுதுகிற முறையை யாருமே சொல்லவில்லை. மெதுவானது, ஆனால் எந்தத் தளக்கோலமும் தெரியாத பெரியவர்களுக்கு அதுதான் கைகொடுக்கிறது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். ‘கௌ’ எழுதினால் சில நேரம் எகரக் கொம்போடு ள சேர்ந்து ‘கெள’ விழும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேடலில் இரண்டும் வேறு வேறு சொல். தொடர்புப் பட்டியலில் ‘கௌதமன்’ அகப்படாமல் போவது இதனால்தான்.

நெடில்:
அந்தக் குழப்பம் தமிழ்99-இல் வராது, ஔ-வுக்குத் தனி விசை. எந்த வழியில் தட்டினாலும் குறுஞ்செய்தியாக அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலே 70. புள்ளியும் கொம்பும் தனி இடம் பிடிக்கும். ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் ஏழு. ‘ஸ்ரீ’ மட்டுமே நான்கு. 70-ஐத் தாண்டினால் 67, 67 ஆக உடைந்து ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தியாகக் கணக்கில் ஏறும்.