வானொலி பேசிய இசைத்தட்டுகள்: உங்கள் அனுபவம் என்ன?

பாட்டுத் தட்டு தேடுபவர்கள் நிறையப் பேர். நான் தேடுவது பேச்சுத் தட்டுகளை, அதிலும் பாடம் சொல்லித்தர வந்தவற்றை. இங்கே அமெரிக்காவில் பள்ளி நூலகங்களும் ஊர் நூலகங்களும் கழித்துவிடும் பெட்டிகளில் இவை கிடைக்கும். உறையில் முத்திரை, பின்னால் கடன் அட்டை செருகும் பை, லேபிளில் பேனாவால் எழுதிய எண். விற்பவர்கள் இதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். எனக்கோ அந்த முத்திரைதான் வேண்டும். எந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்ட தட்டு என்று அது சொல்லிவிடும்.

அதிகம் கண்ணில் படுவது சி.பி.எஸ். வானொலிச் செய்தியாளர் எட்வர்ட் ஆர். மரோவும் தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லியும் சேர்ந்து உருவாக்கிய 'ஐ கேன் ஹியர் இட் நவ்'. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1948-ல் வெளியிட்டது. எல்.பி. என்னும் நீண்ட நேரம் ஓடும் தட்டு அறிமுகமானதும் அதே ஆண்டுதான். 1933 முதல் 1945 வரையிலான வரலாற்றை அந்தக் காலத்துக் குரல்களை வைத்தே சொல்லியிருப்பார்கள். மரோ பேசப் பேச, போர்க்காலம் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் அதில் ஓர் இடம் என்னை இன்னமும் உறுத்துகிறது. நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசைக்கு நடுவே சி.பி.எஸ். அறிவிப்பாளர் ஜான் டேலி குறுக்கிட்டு, 1941-ல் பியர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய செய்தியைச் சொல்வார். உண்மையில் அன்று நடந்தது வேறு. மதியம் இரண்டரை மணிக்கு, வழக்கமான செய்தி நிகழ்ச்சியில்தான் அவர் அதை வாசித்தார். பில்ஹார்மோனிக் ஒலிபரப்பு தொடங்கியதே மூன்று மணிக்கு. தட்டில் இருப்பது பிற்பாடு இந்தத் தொகுப்புக்காகவே அவரைப் பேசவைத்துப் பதிந்தது. வகுப்பறைக்குப் போகும் தட்டில் இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கப்புறம் எந்த ஆவணத் தட்டை எடுத்தாலும், இது அன்று காற்றில் போன குரலா, பிறகு ஸ்டூடியோவில் செய்ததா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மோசஸ் ஆஷ் நடத்திய ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தட்டுகளையும் விடாதீர்கள். உறைக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும், பாதி உயிர் அதில்தான். நூலகப் பிரதிகளில் பெரும்பாலும் அது காணாமல் போயிருக்கும். அதனால் வாங்காமல் வர வேண்டாம். 1987-ல் அந்த நிறுவனத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக அமைப்பு எடுத்துக்கொண்டது, குறிப்பேடுகளை அவர்கள் இணையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

சரி, உங்களிடம் என்ன இருக்கிறது?

மறுமொழி:

ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் 16 அங்குலத் தட்டுகள் சில கிடைத்தன. வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய வகை என்று நினைக்கிறேன். லேபிளில் பள்ளி நிகழ்ச்சி என்று டைப் அடித்திருக்கிறது. இரண்டில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. என் டர்ன்டேபிளில் 12 அங்குலத்துக்கு மேல் உட்காராது. என்ன செய்யலாம்?

தொடங்கியவர்:

அருமையான வேட்டை! முதலில் நடுவில் பாருங்கள். மையத் துளைக்குப் பக்கத்தில் வேறு துளைகளும் இருந்து, விளிம்பில் உலோகமும் தெரிந்தால் அது அச்சிட்ட வினைல் அல்ல, லாக்கர் என்ற பூச்சைப் பூசி, அதில் ஒலியை நேரடியாக வெட்டிய தட்டு. உலகில் அது ஒன்றே ஒன்றாகக்கூட இருக்கலாம். வெள்ளையாகத் தெரிவது பூசுபொருளில் உள்ள விளக்கெண்ணெய் சிதைந்து வெளியே கசிந்தது. ஊசி வைக்கவே வைக்காதீர்கள், ஆல்கஹாலும் வேண்டாம். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடி மேலும் பூசினார்கள், ஆகவே எடுக்கும்போது இரண்டு கையும் வேண்டும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களுக்கு இந்தத் தட்டுகளைப் பதிவெடுக்கத் தெரியும், அவர்களிடம் பேசுங்கள்.

வினைலாக இருந்தால் பயமில்லை. 16 அங்குலம் ஏற்கும் நீளக் கை உள்ள டர்ன்டேபிள் ஒன்றைத் தேடுங்கள். ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம் ஓடும். சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும், லேபிளைப் படித்துவிட்டு ஊசியை இறக்குங்கள். லேபிள்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், தொடரின் பெயரும் தேதியும் தெரிந்தால் எல்லோருமாகத் தேடலாம்.