திருவருகைக்கால வளையம்: செபம் முடிவதற்குள் திரி மூழ்கிவிடுகிறது

இடம் தூத்துக்குடி. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில், ஞாயிறுக்கு ஒரு வர்த்தியாகக் கூட்டிக்கொண்டே போய் தினமும் ஏற்றும் வளையம். வீட்டிலேயே வார்த்த மெழுகுவர்த்திகள், ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று. நவம்பர் 30, முதல் ஞாயிறு. அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

மாலை செபம் 20 நிமிடம்: விவிலியத்தின் எசாயா நூலில் ஒரு பகுதி, கொஞ்சம் மௌனம், பிறகு அதே வெளிச்சத்தில் ஈசாய் மரத்துக்கு (இயேசுவின் வம்சாவளியை அடையாளங்களால் காட்டும் மரம்) அன்றைய அடையாளத்தை வரைவது. பாதி வரைவதற்குள் சுடர் சுருங்கி, உருகிய மெழுகில் முங்கி அணைந்துவிடுகிறது. எழுந்து பற்றவைத்தால் மௌனம் போச்சு.

பாரஃபின் மெழுகு, விட்டம் இரண்டரை அங்குலம், உயரம் 6, பருத்தித் திரி. ஒத்திகையில் நான்காம் நாளே நடுவில் கிணறு மாதிரி குழி, சுற்றுச்சுவர் அப்படியே நிற்கிறது. காரணம் புரிகிறது: இந்தத் தடிமனுக்கு மெழுகு விளிம்பு வரை உருக, ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரமாவது எரிய வேண்டும். செபம் அவ்வளவு நீளாதே!

செய்து பார்த்தவை: கிரேயான் நிறமி திரியை அடைத்ததால் எண்ணெயில் கரையும் சாயத்துக்கு மாறியாயிற்று. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. திரியைக் கால் அங்குலமாக நறுக்கியும் பலனில்லை. இரட்டைத் திரி போட்டால் புகை. வளையத்தில் இருப்பதோ சவுக்குத் தழை, ஒரு வாரத்தில் காய்ந்து சருகாகிவிடும், அதன் பக்கத்தில் பெரிய சுடர் வேண்டாம்.

நான்காவது வர்த்தி 4 நாள்தான் எரியும். முதல் வர்த்திக்குத்தான் 25 நாள், மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு மேல்.

முக்கால் அங்குல ஒல்லி வர்த்தியாக வார்த்தால், அந்த எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு உயரம், எத்தனை இழைத் திரி வேண்டும்?