1972 செவர்லே சி10: ஆல்டர்னேட்டர் மாத்தணும், வயரிங் என்ன பண்ணணும்?

கேள்வி: வணக்கம், என் சி10 பிக்கப்ல ரெகுலேட்டர் (வோல்டேஜை கட்டுப்படுத்துறது) தனியா இருக்குற பழைய 10டிஎன் ஆல்டர்னேட்டர்தான் (எஞ்சின் ஓடுறப்ப கரண்ட் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் பண்றது), நான் எலக்ட்ரிக் ஃபேன் மாட்டுனதுலேர்ந்து சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்கி மஞ்சளாயிடுது, பேட்டரில 12.3 வோல்ட்தான் காட்டுது. அதுக்கு பதிலா 12எஸ்ஐ மாடல் ஆல்டர்னேட்டர் போடலாமா?

பதில்: தாராளமா போடுங்க அண்ணா, 94 ஆம்ப் வரைக்கும் கிடைக்குது, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கு. 1ம் நம்பர் டெர்மினலுக்கு சார்ஜ் லைட் பல்ப் இல்லன்னா ரெசிஸ்டர் வழியாத்தான் இக்னிஷன் கரண்ட் வரணும், நேரா குடுத்துடாதீங்க. 2ம் நம்பர் வோல்டேஜ் பாக்குற வயர், அதை லைட், ஃபேன் மாதிரி லோடுக்கெல்லாம் கரண்ட் பிரியுற ஜங்ஷன்ல குடுங்க, லைட் மங்குறது அங்கதான் சரியாகும்.

பதில்: பழைய 10 கேஜ் சார்ஜ் வயரை மட்டும் நம்பாதீங்க தம்பி. நான் டேப்பை உரிச்சப்ப உள்ள இன்சுலேஷன் அப்பளம் மாதிரி நொறுங்குச்சு, செம்பு கறுத்துப்போயிருந்துச்சு. 6 கேஜ் வயர் (கேஜ் நம்பர் குறைஞ்சா வயர் தடிமன்) புதுசா இழுத்து பேட்டரி பக்கத்துல ஃப்யூஸ் போடுங்க, எஞ்சின்லேர்ந்து பாடிக்குப் போற எர்த் வயரையும் சுரண்டி டைட் பண்ணுங்க. வேலைக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவை கழட்டிடணும், மறக்காதீங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி, ரெண்டும் பண்ணிட்டேன். ஃபேன், லைட் எல்லாம் போட்டு ஐடில்ல 14.1 வோல்ட் நிக்குது!